தொட்டிக் கணக்கும் ட்ரோபோனினும்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பி.இ. முடித்துவிட்டு இருபது வருடத்துக்கு மேலாக சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். தூக்கம் வராத ராத்திரிகளில் பழைய ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் உண்டு, அவ்வளவுதான். இந்தக் கட்டுரையும் அப்படிப் படித்ததில் வந்ததுதான். படிக்க வைத்தது அப்பாவின் ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்.

அப்பாவுக்கு 71 வயது. நான்கு வருடமாக டயாலிசிஸில் இருக்கிறார். ஒரு ராத்திரி "மூச்சு வாங்குதுடா" என்றார். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் ரிப்போர்ட் வந்தது. ட்ரோபோனின் டி, லிட்டருக்கு 68 நானோகிராம். பக்கத்திலேயே இயல்பு அளவு 14க்குள் என்று அச்சடித்திருந்தது. கிட்டத்தட்ட ஐந்து மடங்கு! ட்ரோபோனின் ஏறினால் மாரடைப்பு என்ற அளவுக்குத்தான் எனக்கு அன்றைக்குத் தெரியும். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

டூட்டி டாக்டர் பதறவில்லை. "மூணு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை எடுத்துப் பார்ப்போம் சார்" என்றார். இரண்டாவது ரிப்போர்ட்டில் 71. "பெருசா மாறலை. இது அட்டாக் இல்லை. டயாலிசிஸ் பேஷன்ட்டுக்கு இப்படி இருக்கும்" என்றார். நுரையீரலில் நீர் சேர்ந்திருந்தது. டயாலிசிஸ் செய்ததும் மூச்சு சீராகிவிட்டது.

அப்பா தூங்கிவிட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை. இதயத் தசைக்குள் இருக்க வேண்டிய புரதம் ரத்தத்தில் சுற்றுகிறது, அதுவும் ஒரே அளவில் நிற்கிறது. அது எப்படி? வந்தது எங்கே போகிறது? யார் அதை உடைக்கிறார்கள்?

எட்டாம் வகுப்பில் நாம் எல்லோரும் போட்ட தொட்டிக் கணக்கு நினைவிருக்கிறதா? ஒரு குழாய் தொட்டியை 3 மணி நேரத்தில் நிரப்பும். இன்னொரு குழாய் 5 மணி நேரத்தில் காலி செய்யும். இரண்டையும் ஒன்றாகத் திறந்தால் தொட்டி எப்போது நிரம்பும்? ஏழரை மணி நேரம். 'நிரப்பும்போது எவனாவது அடியில் திறந்து வைப்பானா?' என்று சிரித்திருப்போம். நம் உடம்பு அப்படித்தான் திறந்து வைத்திருக்கிறது. ரத்தத்தில் ஒரு புரதத்தின் அளவு என்பது தொட்டியில் நிற்கும் நீர்மட்டம். ரிப்போர்ட்டில் வருவது அந்த மட்டம் மட்டும்தான். எந்தக் குழாயால் அந்த மட்டம் வந்தது என்று அது சொல்லாது.

மாரடைப்புக்கான ரத்தப் பரிசோதனைகளின் வரலாற்றைப் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான். உள்ளே வரும் குழாய் சீக்கிரமே கண்ணில் பட்டுவிட்டது. வெளியே போகும் குழாயைப் புரிந்துகொள்ளத்தான் 70 வருடமாக முயற்சி நடக்கிறது.

போக மறுத்த நொதி

கதை ஒரு புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தில் தொடங்குகிறது. நியூயார்க்கின் ஸ்லோன்-கெட்டரிங். அங்கே இருந்த ஜான் லாடூ, ஃபெலிக்ஸ் வ்ரோப்ளெவ்ஸ்கி, ஆர்தர் கார்மன் மூவரும் 1954இல் சயின்ஸ் இதழில் ஒரு சிறிய கட்டுரை எழுதினார்கள். மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தில் ஒரு நொதி சில மணி நேரத்தில் ஏறுகிறது, சில நாட்களில் இறங்கிவிடுகிறது என்பதுதான் செய்தி. நம்மூர் லேப் ரிப்போர்ட்டில் இன்றும் எஸ்.ஜி.ஓ.டி. என்று வருகிறதே, அதே நொதி. இப்போது அதைக் கல்லீரலுக்காகப் பார்க்கிறோம். ஆனால் அதன் முதல் புகழ் இதயத்தால் வந்தது.

அடுத்த வருடமே இன்னொரு நொதி வந்தது, எல்.டி.ஹெச். இதில் ஐந்து வகை உண்டு. முதல் வகை இதயத்தில் அதிகம், ஐந்தாவது வகை கல்லீரலிலும் எலும்புத் தசையிலும் அதிகம். மாரடைப்புக்குப் பிறகு எல்.டி.ஹெச். ஒரு வாரத்துக்கு மேல், சிலருக்கு இரண்டு வாரம்கூட, உயர்ந்தே இருக்கும். அத்தனை நாளும் இதயம் கசிந்துகொண்டே இருக்கிறதா என்றால், இல்லை. முதல் வகை ரத்தத்திலிருந்து பாதியாகக் குறையவே சில நாட்கள் ஆகும். ஐந்தாவது வகை சில மணி நேரங்களில் பாதியாகிவிடும். ஒரே குடும்பம், ஏறக்குறைய ஒரே எடை, ஆனால் வெளியேறும் வேகம் இவ்வளவு வேறு.

வெளியே போவது எந்த வழியாக? சிறுநீரகம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் சிறுநீரகத்தின் சல்லடை ஒரு அளவுக்கு மேல் விடாது. ரத்தத்தில் நிறைய இருக்கும் ஆல்புமின் சுமார் 66,000 டால்டன் எடை. அதையே சல்லடை பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. எல்.டி.ஹெச். அதைப்போல இரண்டு மடங்கு. அதனால் இவற்றுக்கு வேறு வழி. கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை ஆகிய இடங்களில் உட்கார்ந்திருக்கும் விழுங்கு செல்கள் இவற்றைப் பிடித்து விழுங்கி, உள்ளே அமினோ அமிலங்களாகப் பிரித்துவிடுகின்றன. எலிகளில் செய்த சோதனைகள் இதைக் காட்டின. ஐந்தாவது வகையை அந்தச் செல்கள் சட்டென்று பிடிக்கும். முதல் வகை அவற்றின் பிடியில் அவ்வளவு எளிதில் சிக்குவதில்லை.

நாய்களும் ஒரு சமன்பாடும்

வெளியே போகும் குழாயை முதன்முதலில் கணக்குக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க இதயநோய் மருத்துவர் பர்ட்டன் சோபெல். அப்போது பயன்பாட்டில் இருந்த நொதி கிரியாட்டின் கைனேஸ், சுருக்கமாக சி.கே. 1971இல் ஷெல், ஷெக்ஷுஸ், சோபெல் மூவரும் வெளியிட்ட ஆய்வில் நாய்களுக்கு மாரடைப்பு உண்டாக்கி, திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்து சி.கே. அளந்தார்கள். கேள்வி எளிமையானது: ரத்தத்தில் ஏறி இறங்கும் வளைகோட்டை வைத்து, இதயத்தில் எவ்வளவு தசை செத்தது என்று சொல்ல முடியுமா?

தொட்டிக் கணக்குதான். மட்டம் தெரியும். வெளியேறும் வேகம் தெரிந்தால் உள்ளே வந்தது எவ்வளவு என்று கணக்கிடலாம். இருக்கும் சி.கே.யில் ஒவ்வொரு மணி நேரமும் ஒரு குறிப்பிட்ட விகிதம் போய்விடுகிறது என்று வைத்துச் சமன்பாடு எழுதினார்கள். படித்தபோது எனக்குக் கல்லூரி நாட்கள் ஞாபகம் வந்தன. மின்தேக்கி மின்னூட்டம் இழக்கும் அதே சமன்பாடு.

சிக்கல் இரண்டு இடத்தில் வந்தது. இதயத்திலிருந்து காணாமல் போன சி.கே.யில் ஒரு சிறு பங்குதான் ரத்தத்தில் தென்பட்டது. மீதி வரும் வழியிலேயே, காயம்பட்ட தசையிலும் நிணநீரிலும், செயலிழந்துவிடுகிறது. அன்றைய பரிசோதனை நொதியின் வேலையைத்தான் அளந்தது. வேலை செய்யாத நொதி ரத்தத்தில் இருந்தாலும் கணக்கில் வராது. இரண்டாவது சிக்கல் பிறகு வந்தது. அடைப்பைக் கரைக்கும் மருந்துகள் புழக்கத்துக்கு வந்து, அடைபட்ட குழாயைத் திறந்துவிட ஆரம்பித்ததும், தேங்கியிருந்த சி.கே. ஒரேயடியாக ரத்தத்தில் கொட்டியது. சிகிச்சையால் இதயம் பிழைத்தவருக்கு எண் பெரிதாக வந்தது! பழைய விகிதத்தை வைத்துப் போட்ட கணக்கு அங்கே உதவவில்லை.

வால் அறுந்த புரதம்

சி.கே.யிலும் இதயத்தை ஓரளவு அடையாளம் காட்டும் வகை ஒன்று உண்டு, சி.கே.-எம்.பி. இது தசையிலிருந்து புதிதாக வரும்போது ஒரு முனையில் லைசின் என்ற அமினோ அமிலம் வால் மாதிரி இருக்கும். ரத்தத்தில் கார்பாக்சிபெப்டிடேஸ் என் என்றொரு நொதி எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது அந்த வாலை நறுக்கிவிடும். அதனால் ரத்தத்தில் இரண்டு விதமான சி.கே.-எம்.பி. இருக்கும். வால் உள்ளது புதுசு, வால் போனது பழசு.

ஹூஸ்டனில் புலியோ, ராபர்ட்ஸ் குழுவினர் 1994இல் இதையே கடிகாரமாக்கினார்கள். மொத்த அளவு ஏறும்வரை காத்திருக்க வேண்டாம், புதுசுக்கும் பழசுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால் போதும். புதுசு பழசைப்போல ஒன்றரை மடங்கானால் குழாய் இப்போதுதான் திறந்திருக்கிறது என்று அர்த்தம். படித்தவுடன் எனக்குக் கைதட்டத் தோன்றியது. உடைவதைத் தொல்லையாகப் பார்க்காமல், அதையே தகவலாக எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த முறை பரவலாகவில்லை. அதற்குள் ட்ரோபோனின் வந்துவிட்டது.

நடுவில் இன்னொன்றையும் சொல்லவேண்டும், மையோகுளோபின். சுமார் 17,000 டால்டன்தான். சிறுநீரகச் சல்லடையில் எளிதாக இறங்கிவிடும். இறங்கியதைச் சிறுநீரகக் குழல்களின் செல்கள் உள்ளே இழுத்து உடைத்துவிடும். மாரடைப்பு வந்து ஓரிரு மணி நேரத்தில் ஏறும், ஒரு நாளுக்குள் இறங்கிவிடும். இதன் பாதையை உலகம் தெரிந்துகொண்ட விதம் கொடூரமானது. இரண்டாம் உலகப் போரில் லண்டன் மீது குண்டு விழுந்து, இடிபாடுகளில் பல மணி நேரம் கை கால் நசுங்கிக் கிடந்தவர்களை உயிரோடு மீட்டார்கள். சில நாட்களில் அவர்களில் பலர் சிறுநீரகம் நின்று இறந்தார்கள். எரிக் பைவாட்டர்ஸ் 1941இல் அதை விவரித்தார். நசுங்கிய தசையிலிருந்து வந்த மையோகுளோபின் அவர்களுடைய சிறுநீரில் இருந்தது. அளவாக வந்தால் வழி விடும் சிறுநீரகம், வெள்ளமாக வந்தால் அடைபட்டுப்போகிறது.

ஒரே மாதிரி வளைகோடு, நேர் எதிர்க் காரணம்

ட்ரோபோனினைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் செட்சுரோ எபாஷி. 1959இல் தசைச் சிதைவு நோயாளிகளின் ரத்தத்தில் சி.கே. ஏறியிருப்பதைக் காட்டிய குழுவும் அவருடையதுதான். 1965இல் அயாகோ கொடாமாவோடு சேர்ந்து, தசை சுருங்குவதற்குக் கால்சியம் இடும் உத்தரவை வாங்கிக்கொள்ளும் புரதத்துக்கு ட்ரோபோனின் என்று பெயர் வைத்தார். அதில் சி, ஐ, டி என மூன்று துணுக்குகள் உண்டு. ஐ-யும் டி-யும் இதயத்தில் தனி வடிவத்தில் இருக்கின்றன. 1987இல் இங்கிலாந்தில் கம்மின்ஸ் குழு ட்ரோபோனின் ஐ-யையும், 1989இல் ஜெர்மனியில் கட்டுஸ் குழு ட்ரோபோனின் டி-யையும் ரத்தத்தில் அளந்து காட்டினார்கள். 2000இல் ஐரோப்பிய, அமெரிக்க இதயவியல் அமைப்புகள் மாரடைப்பின் வரையறையையே ட்ரோபோனினைச் சுற்றி மாற்றி எழுதின.

மாரடைப்புக்குப் பிறகு ட்ரோபோனின் டி பத்து நாள், இரண்டு வாரம் வரை ரத்தத்தில் இருக்கும். பார்த்தால் எல்.டி.ஹெச். வளைகோடு மாதிரியே தெரியும். காரணம் நேர் எதிர். ரத்தத்துக்கு வந்த ட்ரோபோனின் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும். வெளியேறும் குழாய் அகலமானது. ஆனால் செல்லுக்குள் இருக்கும் ட்ரோபோனினில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவான பங்குதான் தனியாக மிதக்கிறது. மீதியெல்லாம் தசை இழைகளோடு கட்டிவைத்த மாதிரி இருக்கும். செத்த தசை கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைய, அது நாள் கணக்கில் கசிந்து வந்துகொண்டே இருக்கும். எல்.டி.ஹெச்.சில் அடைத்துக்கொண்டது வெளியேறும் குழாய். ட்ரோபோனினில் மூடாமல் கிடப்பது உள்ளே வரும் குழாய்.

சர்வரில் கியூ நீளமாகிறது என்றால் வேலை அதிகம் வருகிறதா, வேலை செய்யும் ஆள் படுத்துவிட்டானா என்று நாங்கள் இரண்டையும் பார்ப்போம். நீளத்தை மட்டும் பார்த்து முடிவு செய்தால் அடுத்த நாள் மேனேஜரிடம் திட்டு நிச்சயம்.

அளக்கும் விதமும் மாறியது. ட்ரோபோனினை ஆன்டிபாடி கொண்டு பிடிக்கிறார்கள். ஆன்டிபாடி புரதத்தின் ஒரு சிறு பகுதியைத்தான் தொட்டுப் பார்க்கும். அந்தப் பகுதி இருந்தால் போதும், முழுசா துண்டா என்று அதற்குத் தெரியாது. பழைய முறை இருந்ததைக் குறைத்துக் காட்டியது. புதிய முறை உடைந்த துண்டையும் முழுசு என்று எண்ணியது.

ட்ரோபோனின் எக்கச்சக்கமாக உடைகிறது. 1998இல் கட்ருகா குழு, ட்ரோபோனின் ஐ-யின் சுமார் 210 அமினோ அமிலங்களில் 30 முதல் 110 வரையிலான நடுப்பகுதிதான் உறுதியாக நிற்கிறது, இரண்டு முனைகளும் சீக்கிரம் போய்விடுகின்றன என்று காட்டியது. நடுப்பகுதியை ட்ரோபோனின் சி அணைத்துப் பிடித்திருப்பதுதான் காரணம். அதனால்தான் இன்றைய பரிசோதனைகள் நடுப்பகுதியைக் குறிவைக்கின்றன. ட்ரோபோனின் டி-யும் அப்படித்தான். மாரடைப்பு வந்த முதல் சில மணி நேரங்களில் 37,000 டால்டன் எடையுள்ள முழு வடிவம் தெரியும். நேரம் போகப் போக 29,000, பிறகு 15,000 முதல் 18,000 வரையிலான துண்டுகளே மிஞ்சுகின்றன.

2017இல் இன்னொரு திருப்பம். அந்த வெட்டுகளில் ஒன்றைச் செய்வது த்ராம்பின் என்று தெரிந்தது. ரத்தம் உறையும்போது வேலை செய்யும் நொதி அது. லேப் குழாயில் ரத்தத்தை உறையவிட்டு சீரம் எடுத்தால், அந்த உறைதலிலேயே ட்ரோபோனின் டி வெட்டுப்படும். உடம்பில் உடைந்தது எது, குழாயில் உடைந்தது எது என்று பிரித்துப் பார்க்க, ரத்தம் எடுக்கும் முறையிலேயே கவனம் வேண்டியிருக்கிறது.

சிறுநீரகத்தின் மேல் பழி

இப்போது அப்பாவின் 68க்கு வருவோம். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ட்ரோபோனின் உயர்ந்திருப்பது 1990களிலேயே தெரியும். ஆரம்பத்தில் 'பொய்யான முடிவு' என்றே பலர் ஒதுக்கினார்கள். 2004இல் நெதர்லாந்தில் டிரிஸ் குழு, டயாலிசிஸ் நோயாளிகளின் ரத்தத்தில் ட்ரோபோனின் டி-யின் சிறு துண்டுகள் இருப்பதைக் கண்டு, சிறுநீரகம் வெளியேற்றாததால் இவை தேங்குகின்றன என்றது. அடைபட்ட குழாய் என்ற விளக்கம். இரண்டே வருடத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த ஆய்வு, இல்லை, அவர்கள் ரத்தத்தில் பெரும்பாலும் முழு வடிவம்தான் இருக்கிறது என்றது. அப்படியானால் இதயம்தான் கசிகிறது.

2017இல் ஸ்வீடனில் எலிகளில் செய்த ஆய்வு இரண்டு பக்கத்துக்கும் இடம் கொடுத்தது. மாரடைப்பு மாதிரி அளவு மிக அதிகமாக இருக்கும்போது ட்ரோபோனின் டி பெரும்பாலும் சிறுநீரகம் அல்லாத வழிகளில் போகிறது. அளவு குறைவாக, இயல்புக்குப் பக்கத்தில் இருக்கும்போது சிறுநீரகத்தின் பங்கு பெரிதாகிறது. ஆக, சிறுநீரகம் பழுதானால் அடிமட்டம் கொஞ்சம் உயரும். ஆனால் பெரிய ஏற்றத்துக்கு அதன் மேல் பழி போட முடியாது.

இதற்கெல்லாம் முன்பே, 2002இல், அமெரிக்காவில் ஃப்ரெட் ஆப்பிள் குழு 733 டயாலிசிஸ் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்தது. ட்ரோபோனின் உயர்ந்திருந்தவர்கள் அதிகமாக இறந்தார்கள். அப்படியென்றால் அந்த எண் பொய் இல்லை. மாரடைப்பு என்று சொல்லவில்லையே தவிர, இதயம் நல்லா இல்லை என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

இரண்டாவது ராத்திரி

இவ்வளவையும் படித்து முடித்து எட்டு மாதம் ஆகியிருக்கும். வீட்டில் நான்தான் ட்ரோபோனின் நிபுணர். யார் கேட்டாலும் "அப்பாவுக்கு எப்பவும் 70 இருக்கும், அது கிட்னி விஷயம்" என்று சொல்லிவைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நெஞ்சுவலி இல்லை. லேசாக வியர்த்தது, சோர்வு. மறுநாள் காலை டயாலிசிஸ் இருந்தது. "நாளைக்கு அங்கேயே பார்த்துக்கலாம், இப்ப போனா ட்ரோபோனின் அதிகம்னு சொல்லி உட்கார வெச்சிருவாங்க" என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. "டேய், உன் ஆராய்ச்சியை அப்புறம் வெச்சுக்கோ. வண்டியை எடு" என்றாள்.

முதல் ரிப்போர்ட் 92. எட்டு மாதம் முன்பு இருந்த 70ஐவிடக் கொஞ்சம்தான் அதிகம். பார்த்தீர்களா என்று சொல்ல வாய் வந்தது. மூன்று மணி நேரம் கழித்து எடுத்ததில் 240. விடிவதற்குள் அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தார்கள்.

இதுவும் நான் படித்ததுதான். 2007இல் வந்த மாரடைப்பின் உலகப் பொது வரையறையும், அதன் 2012, 2018 திருத்தங்களும் ஒரு விஷயத்தில் மாறவில்லை. எண் உயர்ந்திருந்தால் மட்டும் போதாது, ஏறவோ இறங்கவோ வேண்டும், கூடவே இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்பதற்கான அறிகுறியும் வேண்டும். மட்டத்தைப் பார்க்காதே, மட்டம் மாறும் வேகத்தைப் பார் என்பதுதான் சாரம். முதல் ராத்திரி அந்த டாக்டர் செய்தது அதுதான். நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது, எனக்கு வசதியான பாதியை மட்டும். 68 என்று பார்த்துப் பயந்ததும் தப்பு, 'கிட்னி விஷயம்' என்று ஒதுக்கியதும் தப்பு. இரண்டு தடவையும் ஒரே ஒரு குழாயைத்தான் பார்த்திருக்கிறேன்.

இப்போது ஃபின்லாந்தில் ஒரு குழு, முழு நீளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ட்ரோபோனின் டி எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று தனித்தனியாக அளந்து விகிதம் பார்க்கிறது. மாரடைப்பில் நீளமானவை அதிகம். டயாலிசிஸ் நோயாளிகளிடமும், மாரத்தான் ஓடி முடித்தவர்களிடமும் துண்டுகள்தான் அதிகம். 1994இல் வால் உள்ளது, வால் இல்லாதது என்று ஹூஸ்டனில் பார்த்தார்களே, அதே யோசனை வேறு புரதத்தில் திரும்பி வந்திருக்கிறது. இது எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் வந்தால் இரண்டாவது ரத்தத்துக்காக மூன்று மணி நேரம் காத்திருப்பது சிலருக்காவது மிச்சமாகும்.

அதுவரை எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. அப்பா நன்றாக இருக்கும்போது எடுத்த ட்ரோபோனின் அளவுகள், தேதியோடு. எங்கே போனாலும் அதைக் காட்டுகிறோம். அதன் அடியில் அக்கா தன் கையெழுத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறாள்: 'உடம்பு சரியில்லைன்னா முதல்ல கிளம்பு. கணக்கு அங்கே போய் போடலாம்.'